கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?



போன வாரம் முழுக்க சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரு மனு சுற்றிக்கொண்டிருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மாவட்ட சாப்ட்பால் இறுதிப் போட்டியில் அம்பயர் நம் பள்ளிக்கு அநியாயம் செய்துவிட்டார், அதைப் பற்றித் தலைமையாசிரியர் ஐயா மேலே எழுத வேண்டும் என்று கேட்கிற மனு அது. இதை நான் எழுதும்வரை 43 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அணியில் 14 பேர். அதில் 13 பேர் போட்டாயிற்று. பாக்கி நான் ஒருத்திதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அநியாயம் நடந்ததாகச் சொல்லப்படுவதே எனக்குத்தான். அவுட் கொடுக்கப்பட்டவள் நான். "உனக்காகத்தான்டி நாங்க எல்லாரும் சண்டை போடறோம், நீயே போடலன்னா எப்படி?" என்று என் பெஞ்சுத் தோழி கேட்டாள். அவளுக்காவது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எங்கள் கேப்டன் அக்கா எதுவுமே கேட்கவில்லை. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் பிளஸ் டூ. பள்ளிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

நேரில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: அம்பயர் கொடுத்த தீர்ப்பு சரி. தப்பு என் காலில் இருந்தது. என் காலில் அந்தத் தப்பைப் பழக்கிவிட்டது நம்முடைய மைதானம்.

கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள். பிறகு திட்டலாம்.

அன்றைக்கு என்ன நடந்தது?

சாப்ட்பால் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிட்சர் எறிகிற பந்தை அடித்துவிட்டு, முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி ஓடி, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கே திரும்பினால் ஒரு ரன். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 60 அடி, அதாவது 18.29 மீட்டர். தரையில் உருண்ட பந்தை எடுத்து, நான் போய்ச் சேர்வதற்குள் முதல் பேஸில் நிற்பவளிடம் எறிந்து, அவள் பேஸைத் தொட்டுக்கொண்டு பிடித்துவிட்டால் நான் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் பேட்டிங் மாறும். மொத்தம் 7 இன்னிங்ஸ்.

நாங்கள் 4, அவர்கள் 5. ஏழாவது இன்னிங்ஸ், எங்கள் கடைசி பேட்டிங். கேப்டன் அக்கா இரண்டாம் பேஸில். இன்னும் யாரும் அவுட் ஆகவில்லை. பி.டி. சார் காதைத் தொட்டார். 'பன்ட்' போடு என்று அர்த்தம். ஓங்கி அடிக்காமல் மட்டையைச் சும்மா காட்டிப் பந்தைப் பக்கத்திலேயே விழவைப்பது.

சொல்லக்கூடாது, பன்ட் அழகாகத்தான் விழுந்தது. பிளேட்டுக்கு முன்னால் ஐந்தாறு அடியில். மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர்கள் கேட்சர் பாய்ந்து எடுத்து எறிந்தாள். முதல் பேஸுக்கு நாலு எட்டு இருக்கும்போது என் இடது தோள்பட்டைக்குக் கீழே 'பொத்' என்று ஒரு அடி. பந்து தெறித்து எங்கேயோ உருண்டது. நான் பேஸை மிதித்துத் தாண்டிவிட்டேன். கேப்டன் அக்கா மூன்றாம் பேஸைத் தாண்டி ஹோமுக்கே வந்துவிட்டார். 5 - 5! நம் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள் வானத்தில் பறந்தன.

ஆனால் அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். பந்து என்மேல் பட்ட உடனேயே தூக்கிவிட்டாராம். 'டெட் பால்'. ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். நான் அவுட். இன்டர்ஃபியரன்ஸ், அதாவது குறுக்கீடு. கேப்டன் அக்கா அப்போது மூன்றாம் பேஸைத் தொட்டிருக்கவில்லை, அதனால் இரண்டாம் பேஸுக்கே திரும்பிப் போக வேண்டும். ரன் இல்லை.

அடுத்து வந்தவள் தூக்கியடித்துக் கேட்ச் கொடுத்தாள். அதற்கடுத்தவள் மூன்று ஸ்ட்ரைக். முடிந்தது. மைதானத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நம்ம பசங்க அம்பயரை என்னென்ன சொன்னார்கள் என்பதைச் சுவர் இதழில் எழுத முடியாது. அதில் என் குரலும் இருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்து பி.டி. சாரிடம் விதிப் புத்தகம் வாங்கினேன், அம்பயர் தப்பு என்று நிரூபிக்கத்தான். ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கில மிஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பொருள் சொன்னார்கள். படிக்கப் படிக்க எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

மனுவில் மூன்று காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"அவள் வேண்டுமென்றே செய்யவில்லை"

உண்மை. சத்தியமாக நான் வேண்டுமென்றே செய்யவில்லை. முதுகுக்குப் பின்னால் வருகிற பந்து எனக்கு எப்படித் தெரியும்?

நாமெல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் இந்தக் கேள்விதான் முக்கியம். 2019 ஜூலை 14-ஆம் தேதி லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், கப்தில் எறிந்த பந்து ஓடிவந்து விழுந்த ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு பவுண்டரிக்கே போனது. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, அதனால் அவுட் இல்லை, ரன்னும் கிடைத்தது. 2024 மே 12-ஆம் தேதி நம்ம சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜடேஜா ஓடித் திரும்பும்போது எறிந்த பந்து அவர்மேல் பட்டது. பந்து வரும் வழியை வேண்டுமென்றே மறைத்தார் என்று மூன்றாவது அம்பயர் முடிவு செய்து அவுட் கொடுத்தார். இரண்டிலும் கேட்கப்பட்டது 'மனசில் என்ன இருந்தது' என்பதுதான்.

சாப்ட்பாலிலும் பல இடங்களில் அப்படித்தான். இரண்டு பேஸுக்கு நடுவே ஓடும்போது எறிந்த பந்து தற்செயலாக மேலே பட்டால் ஓடுகிறவர் அவுட் இல்லை. வேண்டுமென்றே தடுத்தால்தான் அவுட். ஆனால் ஹோமிலிருந்து முதல் பேஸுக்கு ஓடுகிற அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் தனி விதி இருக்கிறது. அந்த 60 அடியில் பின்பாதி 30 அடிக்கு, ஃபவுல் கோட்டுக்கு வெளிப்பக்கம், 3 அடி அகலத்தில் ஒரு பாதை போடுவார்கள். 91 சென்டிமீட்டர் அகலம், 9 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். நம் ஊர் ஒற்றையடிப் பாதை மாதிரி. அந்தப் பாதைக்கு வெளியே ஓடி, முதல் பேஸில் பந்தைப் பிடிக்கப் போகிறவளுக்கு இடைஞ்சல் ஆனாய் என்று அம்பயர் கருதினால் நீ அவுட். வேண்டுமென்றா, தெரியாமலா என்ற கேள்வியே இல்லை.

இது கொடுமை என்று தோன்றுகிறதா? கபடியை நினைத்துப் பாருங்கள். பாடிப் போகிறவன் யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தால் அவுட். "சார், தெரியாம வெச்சிட்டேன்" என்றால் ரெஃப்ரி விடுவாரா? கோட்டு விதி மனசைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கும். ஒரு விதத்தில் அது மரியாதைதான். அந்த அம்பயர் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லவே இல்லை. நான் இருந்த இடத்தைத்தான் சொன்னார். அவர் சொல்லாத பழியை நாம்தான் நமக்கே போட்டுக்கொண்டு கொதிக்கிறோம்.

"எறிந்தவள்தான் தப்பாக எறிந்தாள்"

இதைத்தான் நானும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முதுகில் எறிந்தது அவள், தண்டனை எனக்கா?

ஒரு சின்னப் படம் போட்டுப் பார்த்தேன். நீங்களும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஹோம் பிளேட் ஒரு புள்ளி. முதல் பேஸ் இன்னொரு புள்ளி. நடுவில் கோடு. பன்ட் விழுந்தது கோட்டுக்கு உள்பக்கம், பிளேட்டுக்கு முன்னால். கேட்சர் நின்று எறிவது அங்கிருந்துதான். முதல் பேஸ்காரி க்ளவை நீட்டுவதும் உள்பக்கம். ஆக, பந்து போகவேண்டிய வழி கோட்டை ஒட்டி உள்பக்கமாகவே இருக்கிறது. நானும் அங்கேயே ஓடினால்? கேட்சருக்கு க்ளவ் தெரியாது, என் முதுகுதான் தெரியும். முதல் பேஸ்காரிக்குப் பந்து தெரியாது, என் மூஞ்சிதான் தெரியும். நான் ஒரு நடமாடும் சுவர். அதற்குத்தான் அந்த 3 அடிப் பாதையைக் கோட்டுக்கு வெளியே போட்டார்கள். நீ அந்தப் பக்கம் ஓடு, பந்து இந்தப் பக்கம் போகட்டும், அவ்வளவுதான்.

எறிந்தவள் எப்படி எறிந்தாலும் ஓடுகிறவள் அவுட் என்றும் இல்லை. பிடிக்கவே முடியாத எறியாக எங்கேயோ போனால், யாருக்கும் இடைஞ்சல் ஆகவில்லை, அவுட் இல்லை. பாதைக்குள் ஓடும்போது முதுகில் பட்டால் அதுவும் அவுட் இல்லை, தொடர்ந்து ஓடலாம். பந்தை எடுக்க வருகிற ஃபீல்டரின்மேல் மோதாமலிருக்க விலகிப் பாதையைத் தாண்டினாலும் தப்பில்லை. கால் கோட்டின்மேல் பட்டால்கூடப் பாதைக்குள்தான் கணக்கு. ஒரு கால் முழுசாக வெளியே தரையில் பட்டிருக்க வேண்டும். என்னுடையது ஒரு கால் இல்லை, இரண்டும் வெளியே. அடுத்த நாள் என் தோழியின் அண்ணன் செல்லில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அதே விதிப் புத்தகம் நம்மையும் காப்பாற்றுகிறது, அதையும் சொல்ல வேண்டும். பந்து கையில் இல்லாமல், பந்தை எடுக்கவும் போகாமல், சும்மா வழியில் நின்று ஓடுகிறவளைத் தடுத்தால் அது ஃபீல்டரின் குற்றம். அதற்குப் பேர் அப்ஸ்ட்ரக்‌ஷன். அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார், ஆனால் ஆட்டத்தை உடனே நிறுத்த மாட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் நமக்கு அப்படி ஒன்று கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவர் "நல்ல அம்பயர்". ஏழாவதில் "வாங்கிட்டான்". நமக்குச் சாதகமானால் நியாயம், பாதகமானால் அநியாயமா?

"பேஸுக்கு நேராக ஓடுவதுதானே ஓட்டம்?"

மூன்றில் இதுதான் கனமான கேள்வி. இதில் பாதி நியாயம் இருக்கிறது.

வெள்ளை பேஸ் முழுவதும் கோட்டுக்கு உள்பக்கம் இருக்கிறது. ஓடவேண்டிய பாதையோ கோட்டுக்கு வெளிப்பக்கம். வெளியே ஓடி உள்ளே மிதி என்றால் என்ன கணக்கு? அதிலும் நான் வலது கைக்காரி. வலது கைக்காரர்கள் பிளேட்டுக்கு இடப்புறம், மூன்றாம் பேஸ் பக்கம் நிற்போம். அங்கிருந்து வெள்ளை பேஸுக்கு நேர்க்கோடு பிடித்தால் வழி முழுக்க உள்பக்கம்தான்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்ததில்லை. சாப்ட்பாலுக்கு அண்ணன் முறையான பேஸ்பாலிலும் இதே பாதை விதி உண்டு. அங்கே ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு 90 அடி, பாதை 45 அடி. 2019 அக்டோபர் 29-ஆம் தேதி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். தோற்றால் வாஷிங்டன் அணிக்குக் கோப்பை போச்சு. ஏழாவது இன்னிங்ஸில் ட்ரே டர்னர் என்ற வீரர் மெதுவாக ஒரு பந்தைத் தட்டிவிட்டு நேராக ஓடினார். எறிந்த பந்து காலில் பட்டது. அப்படியே என் கதை! அவுட் கொடுத்தார்கள். அவர்கள் மேனேஜர் கத்திய கத்தலில் அவரையே மைதானத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு 2024-இல் அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பால் அந்த விதியைத் தளர்த்தியது. கோட்டுக்கு உள்ளே புல் ஆரம்பிக்கிற வரைக்கும் உள்ள மண் பகுதியிலும் ஓடலாம் என்று பாதையை அகலமாக்கினார்கள். ஆக, 'நேராக ஓடினேன்' என்ற வாதத்தில் உயிர் இருக்கிறது என்று பெரியவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் சாப்ட்பாலில் வேறொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அது இரட்டை பேஸ். முதல் பேஸில் மட்டும் இரண்டு சதுரங்களை ஒட்டி வைப்பார்கள். ஒவ்வொன்றும் 15 அங்குலம். உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் ஆரஞ்சு. ஃபீல்டருக்கு வெள்ளை, அடித்துவிட்டு ஓடிவருகிறவளுக்கு ஆரஞ்சு. பாதையில் நேராக ஓடினால் நேராக ஆரஞ்சை மிதிக்கலாம். வெளியே ஓடி உள்ளே மிதிக்கிற கணக்கே கிடையாது. தாண்டி ஓடிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் வெள்ளைக்கு வர வேண்டும். அவுட்டுக்கு முயற்சி நடக்கும்போது ஓடுகிறவள் வெள்ளையை மட்டும் மிதித்தால், எதிரணி முறைப்படி கேட்டாலே அவுட் ஆகிவிடலாம்.

அன்றைக்கு அந்த மைதானத்தில் இரட்டை பேஸ் இருந்தது. பாதைக்குச் சுண்ணாம்புக் கோடும் இருந்தது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. நான்தான் ஆரஞ்சை விட்டுவிட்டு வெள்ளையை நோக்கி ஓடினேன். ஏன்?

நம்ம கூடம்தான் கோணல்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பாட்டி சொல்வார். மனுவைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க வேறொன்று தோன்றியது. கூடம் கோணல்தான். அவர்கள் கூடம் இல்லை, நம் கூடம்.

நம் மைதானத்தில் முதல் பேஸ் கோடு எங்கே போகிறது என்று போய்ப் பாருங்கள். நாட்டு நலப்பணித் திட்டத் தோட்டத்தின் முள்கம்பி வேலியை உரசிக்கொண்டு போகிறது. கோட்டுக்கும் வேலிக்கும் நடுவே ஒன்றரை அடிகூட இல்லை. வெளிப்பக்கம் ஓடினால் பாவாடை கிழியும், கை கிழியும். அதனால் இந்தப் பள்ளியில் சாப்ட்பால் கற்ற ஒவ்வொருத்தியும் கோட்டுக்கு உள்ளே ஓடித்தான் கற்றோம். பேஸ் என்பது மணல் அடைத்த ஒற்றைச் சாக்கு. ஆரஞ்சு என்ற நிறத்தையே போட்டி நாளில்தான் பார்க்கிறோம். இரண்டு வருஷம், வாரத்தில் நாலு நாள் வேலிக்குப் பயந்து உள்ளே ஓடிய கால், பரீட்சை நாளில் மட்டும் வெளியே ஓடுமா? கால் பழகியதைத்தான் செய்தது.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜூலை மாதப் பயிற்சியில் ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி முதல் பேஸில் நின்றாள். நான் ஓடிவந்தேன். அவள் மிதிக்கவும் அதே சாக்கு, நான் மிதிக்கவும் அதே சாக்கு. அவள் கணுக்கால்மேல் என் முழு எடையும் விழுந்தது. மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டினாள். மாடிப்படி ஏற முடியாமல் அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தோள் கொடுத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு யாரும் மனு எழுதவில்லை. அம்பயர் இல்லாததால் திட்டவும் ஆள் இல்லை. ஓடுகிறவளும் பிடிக்கிறவளும் மோதிக்கொள்ளக்கூடாது என்றுதான் அந்தப் பாதையும் ஆரஞ்சுச் சதுரமும். ஒரு கோப்பை போனதற்கு 43 கையெழுத்து, ஒரு கணுக்காலுக்கு ஒன்றுகூட இல்லை. இது எனக்கு உறுத்துகிறது.

மனு போனால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. சாப்ட்பாலில் அம்பயர் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் விஷயத்தை எதிர்த்து முறையீடு செய்யவே முடியாது. 'இடைஞ்சல் ஆனதா, இல்லையா' என்பது அப்படிப்பட்ட முடிவு. விதியையே தப்பாகப் பயன்படுத்தினார் என்றால் முறையிடலாம். அதையும் அடுத்த பந்து எறிவதற்குள் அங்கேயே சொல்ல வேண்டும். நாம் ஒரு வாரம் கழித்து சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறோம்.

இன்னொன்று. என்னை அவுட் கொடுத்த பிறகும் நம் கையில் இரண்டு பேட்டிங் மிச்சம் இருந்தது. கேப்டன் அக்கா இரண்டாம் பேஸில்தான் நின்றார். ஒரு நல்ல அடி விழுந்திருந்தால் சமன். ஆனால் நாங்கள் யாரும் ஆட்டத்தில் இல்லை. எல்லோரும் அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அடுத்து பேட் பிடித்தவளின் கை நடுங்கியது, கண்ணில் தண்ணீர். அந்த டர்னர் கதையில் என்ன ஆயிற்று தெரியுமா? அவுட் கொடுத்த அதே இன்னிங்ஸில் அவர்கள் அணியின் ரென்டன் பந்தை வேலிக்கு வெளியே அடித்து இரண்டு ரன் எடுத்தார். ஆட்டம் 7 - 2 என்று ஜெயித்து, மறுநாள் கோப்பையும் வாங்கினார்கள்.

நேர் எதிரான கதையும் உண்டு. 1998 அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கும் கிளீவ்லேண்ட் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், 12-ஆவது இன்னிங்ஸில், இதே மாதிரி பன்ட், இதே மாதிரி எறிந்த பந்து ஓடியவர் முதுகில். ஆனால் அன்று அம்பயர் குறுக்கீடு கொடுக்கவில்லை. யாங்கீஸின் நாப்லாக் என்ற ஆட்டக்காரர் பந்தை எடுக்காமல் அம்பயரிடம் கையைக் காட்டி வாதாடிக்கொண்டே நின்றார். பந்து பின்னால் சும்மா கிடந்தது. முதல் பேஸில் இருந்தவர் அதற்குள் ஹோமுக்கே வந்து ரன் எடுத்துவிட்டார். யாங்கீஸ் தோற்றது. வாதாடுகிற நேரத்தில் பந்து கிடக்கிறது. நாமும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

தலைமையாசிரியர் ஐயாவுக்கும் பி.டி. சாருக்கும் பணிவுடன் நான்கு வேண்டுகோள்கள்.

1. நம் ஹோம் பிளேட்டை வேலியிலிருந்து மேற்கே நாலு எட்டு தள்ளிப் போட வேண்டும். மொத்த ஆடுகளமும் அதோடு நகரும். முதல் பேஸ் பக்கம் 3 அடிப் பாதைக்கும் தாண்டி ஓடவும் இடம் கிடைக்கும். கைப்பந்து மைதானத்தின் மூலை கொஞ்சம் இடிக்கும். இரண்டு அணியும் ஒரே நாளில் பயிற்சி செய்யாமல் மாற்றிக்கொண்டால் போதும்.

2. ஒவ்வொரு பயிற்சி நாளும் பாதைக் கோடு போட வேண்டும். விளையாட்டு விழாவுக்கு வாங்கிய சுண்ணாம்புத் தூள் அரை மூட்டை ஸ்டோர் ரூமில் இருக்கிறது. கோடு போடுகிற வேலையை நானே செய்கிறேன்.

3. சாக்குப் பக்கத்தில் இன்னொரு சாக்கு. ஆரஞ்சு பெயின்ட் ஒரு சின்ன டப்பா. தையல் தெரிந்த அக்காக்கள் 15 அங்குலச் சதுரமாகத் தைத்துத் தந்தால் ஒரு மதியத்தில் இரட்டை பேஸ் தயார்.

4. மழை நாளில் பி.டி. பீரியடை கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வார்கள். (மிஸ், மன்னிக்கவும்!) மாதத்தில் ஒரு மழை நாளை மட்டும் விதி வகுப்புக்கு விட்டுத்தர வேண்டும். சாப்ட்பால் மட்டுமல்ல, கபடி, கோ-கோ எல்லாவற்றுக்கும். விதி தெரிந்தவள்தான் உண்மையிலேயே அநியாயம் நடக்கும்போது அந்த இடத்திலேயே, மரியாதையாக, எழுந்து கேட்க முடியும். தெரியாதவளுக்குக் கத்த மட்டும்தான் முடியும்.

43 பேருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாசம் எனக்குப் புரிகிறது. எனக்காக இத்தனை பேர் நிற்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தக் கையெழுத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. இந்த நான்கு வேண்டுகோளுக்குக் கீழே மாற்றிப் போடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

கடைசியாக, கேப்டன் அக்காவுக்கு. அக்கா, நீங்கள் அன்றைக்கு இரண்டாம் பேஸிலிருந்து ஹோம்வரை ஓடிய ஓட்டம் நான் பார்த்ததிலேயே அழகான ஓட்டம். அது கணக்கில் சேராமல் போனதற்குக் காரணம் நான்தான். அம்பயர்மேல் பழி போட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் உங்களிடம் பொய் சொன்னது மாதிரி ஆகிவிடும். மன்னித்துவிடுங்கள் அக்கா. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானத்தில் கோடு போடப் போகிறேன். நேர்க்கோடு பிடிக்க நூலின் இன்னொரு முனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நீங்கள் வந்தால் சந்தோஷப்படுவேன்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதி, நூலகத்துக்கு வெளியே உள்ள பெட்டியில் போடுங்கள். பெயர் போட்டு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டுக்கு உள்ளே ஓடியவள்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு